சிறகு பிறகு, முதலில் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானதூதர்களும் பேய்களும் காதலிக்கும் நாவல்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இளைய வாசகர்கள் அவற்றை ஏன் தேடிப் படிக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் பரிவோடு எழுதியிருந்தார். ஆனால் எல்லாமே கற்பனைதான், இதில் இப்படித்தான் எழுத வேண்டும் என்று எதுவுமில்லை என்ற பொருளில் ஒரு பத்தி வருகிறது. நாவல் கைப்பிரதிகளைத் திருத்தும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் அதை மறுக்கிறேன். இந்த வகையில் பாதியில் சரிந்துபோகும் கதைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்தால்தான் சரிகின்றன.

காதல் கதைக்குத் தடை வேண்டும். ஊர்க்கதை என்றால் சாதியோ, சொத்தோ, அப்பாவின் வாக்கோ தடையாக நிற்கும். அந்தத் தடையின் வலிமை வாசகருக்கு முன்பே தெரியும், விளக்க வேண்டியதில்லை. வானதூதன் ஒரு பெண்ணை விரும்பினால் தடையாக நிற்பது வானகத்தின் சட்டம். அது வாசகருக்குத் தெரியாது, எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். என்னிடம் வருகிற கைப்பிரதிகளில் சிறகின் நிறம், வாளின் பெயர், கண்ணின் ஒளி எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகின்றன. அவன் அவளைத் தொட்டால் என்ன ஆகும், யார் தண்டிப்பார், எவ்வளவு காலத்துக்கு என்பவை இருபதாம் அத்தியாயத்திலும் தெளிவாவதில்லை. தடை மங்கலாக இருந்தால் காதலர்கள் எதை மீறினார்கள் என்றே புரியாது. புரியாத மீறலுக்காக வாசகர் அழமாட்டார்.

சட்டத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொடக்கம் விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுளின் புதல்வர்கள் மனிதரின் புதல்வியரைக் கண்டு மணந்தார்கள் என்று நான்கே வசனங்கள். அந்த நான்கு வசனங்களை விரித்து எழுதியது ஏனோக்கு நூலின் முதல் பகுதி. கிறிஸ்துவுக்கு முன்பே அராமிய மொழியில் எழுதப்பட்டது. சாக்கடல் அருகே கும்ரானின் நான்காம் குகையில் அதன் துண்டுகள் கிடைத்தன, மிலிக் என்ற அறிஞர் 1976-ல் அவற்றைப் பதிப்பித்தார். முழு நூல் பிழைத்தது எத்தியோப்பியாவின் கீயெஸ் மொழியில். ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773-ல் படிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். எத்தியோப்பியத் திருச்சபைக்கு அது இன்றும் வேதநூல். வானதூதர் காதலை எழுத நினைப்பவர் 6 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களைப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடுவது நல்லது. ஒரே இரவில் படித்துவிடலாம்.

அங்கே இருநூறு தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். பத்துப் பேருக்கு ஒரு தலைவன், அவர்களுக்கெல்லாம் மேல் ஷெமிகாசா. இறங்குவதற்கு முன்பே அவனுக்கு ஒரு பயம் வருகிறது: நீங்கள் எல்லாரும் பின்வாங்கிவிட்டால் தண்டனை முழுவதும் என் தலையில் விழுமே. அதனால் எல்லாரையும் சபதம் செய்யவைக்கிறான், மீறுகிறவனுக்குச் சாபம் என்று கட்டுகிறான். ஒரு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களுக்கான பொருள் இதிலேயே இருக்கிறது. தவறு என்று தெரிந்தே வருகிறார்கள். தனியாக மாட்டிக்கொள்ளும் பயத்தோடும் நண்பனைக் காட்டிக்கொடுக்க முடியாத கட்டோடும் வருகிறார்கள். இத்தனை மனித உணர்ச்சியுள்ள காட்சி கையில் இருக்கும்போது, காரணமே சொல்லாமல் மேகத்திலிருந்து ஒருவனைத் தள்ளிவிட்டுக் கதையைத் தொடங்குவது ஏன் என்று விளங்கவில்லை.

இறங்கியவர்கள் மணந்ததோடு நிற்கவில்லை, கற்றுக்கொடுத்தார்கள். அசாசேல் வாளும் கத்தியும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுத்தான். வளையலும் கண்மையும் சாயமும் அவன் தந்தவையே. வேறு சிலர் வேர்களை வெட்டி மருந்தாக்குவதையும் மந்திரத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். கோகபியேல் விண்மீன்களைப் பற்றிச் சொன்னான். பிறந்த பிள்ளைகள் அரக்கர்கள். விளைச்சலைத் தின்றார்கள், அது போதாமல் மனிதரைத் தின்றார்கள். தண்டனையும் தெளிவானது: அசாசேலைக் கைகால் கட்டி, பாலைவனத்தைப் பிளந்து உள்ளே போட்டு, கூரிய கற்களால் மூட வேண்டும் என்று இரபேல் என்ற தூதருக்குக் கட்டளை. ஷெமிகாசாவையும் தோழர்களையும் எழுபது தலைமுறைக்குக் கட்டிவைக்க மிக்கேல் என்ற தூதருக்குக் கட்டளை. அதற்கு முன் அவர்கள் தங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிச் சாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். செத்த அரக்கர்களின் ஆவிகளே பூமியில் அலையும் தீய ஆவிகள் என்று 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. இந்தக் கணக்கில் பேய் என்பது வானதூதனின் மகன். தூதனும் பேயும் எதிரெதிர்ப் படைகள் என்று மட்டும் எழுதுகிறவர்கள் கையிலிருக்கும் மிகப் பெரிய குடும்பக் கதையைத் தவறவிடுகிறார்கள்.

அதே 15-ஆம் அதிகாரத்தில்தான் சட்டத்தின் வேர் இருக்கிறது. மனிதருக்கு மனைவியரைக் கொடுத்தது அவர்கள் சாகப் பிறந்தவர்கள் என்பதால். சாவில்லாத உங்களுக்கு அது ஏற்படுத்தப்படவில்லை என்று கடவுள் சொல்கிறார். திருமணம் சாகிறவர்களுக்கு உரியது. இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டால் ஒரு நாவல் முழுவதும் தன்னால் நகரும். அவன் அவளை மணக்க வேண்டுமானால் சாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தன் பொருட்டு ஒருவன் சாவை ஏற்கிறான் என்பது தெரிந்த பின் அவள் சம்மதிப்பதா வேண்டாமா என்று திணற வேண்டும். இன்னொன்றும் உண்டு. வீழ்ந்த தூதர்கள் நூலின் நாயகனான ஏனோக்கு என்ற மனிதனிடம் வந்து, எங்களுக்காக ஒரு மன்னிப்பு மனு எழுதிக்கொடு என்று கெஞ்சுகிறார்கள். மேலே முகம் தூக்கிப் பேச அவர்களுக்கு வெட்கம். அவன் எழுதுகிறான். மனு தள்ளுபடியாகிறது: மனிதருக்காக நீங்கள் பரிந்து பேச வேண்டியவர்கள், உங்களுக்காக மனிதன் பேசுவதா என்ற கேள்வியோடு. அந்த மனுவை எழுதுகிறவள் காதலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று யாராவது எழுதிப் பார்க்க வேண்டும்.

இது ஒரு சட்டம்தான். வேறு சட்டங்களும் உண்டு. எழுதுகிறவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்க வேண்டும். அதிகம் நடக்கும் பிழை இவற்றைக் கலப்பது.

13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினா எழுதிய இறையியல் தொகுப்பின்படி தூதனுக்கு உடலே இல்லை. தேவைப்பட்டால் காற்றை இறுக்கி ஓர் உருவம் எடுத்துக்கொள்வான். அந்த உருவத்தில் உயிரின் செயல் எதுவும் உண்மையில் நடப்பதில்லை. அவனுக்குப் பிள்ளை பிறக்க வழியில்லை. ஏனோக்கு நூலின் அரக்கப் பிள்ளைகளும் அக்குவினாவின் காற்றுடலும் ஒரே கதையில் வந்தால், இருநூறு பக்கம் உடலில்லாமல் அலைந்தவனுக்குக் கடைசியில் எப்படி மகள் பிறந்தாள் என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி அது.

மனந்திரும்பும் பேய் என்பது இந்த வகையின் மிகப் பிரியமான நாயகன். இங்கேதான் சட்டத் தேர்வு கதையின் உயிரையே தொடுகிறது. மனிதருக்குச் சாவு எதுவோ அதுவே தூதருக்கு வீழ்ச்சி என்று 8-ஆம் நூற்றாண்டில் தமஸ்கு நகரத்து யோவான் எழுதினார். அக்குவினாவும் அதை ஏற்றார். தூதன் ஒருமுறை தேர்ந்தால் தேர்ந்ததுதான், அவன் மனம் மாறாது. அதற்குக் காரணமும் சொல்கிறார்: மனிதன் படிப்படியாக யோசித்து அறிகிறான், அதனால் திரும்பவும் யோசிக்க முடிகிறது, தூதன் ஒரே பார்வையில் முழுவதையும் அறிந்து முடிவெடுப்பதால் மறுயோசனைக்கு இடமில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் பேய் காதலிக்கலாம், திருந்த முடியாது. சோகக் கதைதான் எழுத முடியும். மாறாக, 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஓரிகன் எல்லாப் படைப்பும் ஒருநாள் கடவுளிடம் திரும்பும் என்று நம்பினார். சாத்தானுக்கும் வழி உண்டு என்று அவர் சொன்னதாகவே எதிரிகள் குற்றம் சாட்டினார்கள், 6-ஆம் நூற்றாண்டில் அந்தக் கருத்தைத் திருச்சபை கண்டித்தது. திருந்தும் நாயகன் வேண்டுமானால் ஓரிகனின் சட்டத்தை எடுங்கள். அப்போது அந்த நம்பிக்கையை மறுக்கும் ஒரு முழு வானகத்தையும் எதிர்த்தரப்பாக நிறுத்தலாம். நாயகி மட்டும் நம்புகிறாள், வானகம் நம்பவில்லை. வலுவான கதை அது.

இஸ்லாமியப் பின்னணியில் எழுதுகிறவர்களுக்கு வேறு கணக்கு. மலக்குகள் என்ற வானவர்கள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள் என்று நபிமொழி சொல்கிறது, இட்ட கட்டளைக்கு மாறு செய்யாதவர்கள் என்று குர்ஆன் சொல்கிறது. அங்கே வானவர் காதலில் விழும் கதைக்கு இடமில்லை. பாபிலோனின் ஹாரூத், மாரூத் இருவரின் பெயர் இரண்டாம் அத்தியாயத்தின் 102-ஆம் வசனத்தில் வருகிறது. ஆனால் அவர்கள் ஓர் அழகியிடம் மயங்கிய கதை பிற்கால விளக்க நூல்களில் வருவது, அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை. நெருப்பால் ஆன ஜின்கள்தாம் தாமே தேர்ந்து நடக்கும் உரிமை உள்ளவர்கள், சந்ததியும் உண்டு. காதல் கதையை அவர்களை வைத்து எழுதினால் சட்டம் உடையாது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர், மூன்று தூதர்கள் தங்கள் காதலைச் சொல்வதாக ஒரு நெடுங்கவிதையை 1823-ல் வெளியிட்டார். தெய்வநிந்தனை என்று கண்டனம் எழுந்தது. அதே ஆண்டில் பின்வந்த பதிப்பில் பின்னணியை இஸ்லாமியத்துக்கு மாற்றினார், கதை அப்படியே இருந்தது. மாறு செய்யாத வானவர் என்ற நம்பிக்கையின் மேல் மாறு செய்த தூதரின் கதையை ஒட்டவைத்தார். கண்டனத்துக்குப் பயந்து செய்த மாற்றம் கதையின் அடித்தளத்தையே பிடுங்கிவிட்டது.

இனி உடல். எழுதுகிறவர் முதல் நாளே பதில் எழுதிவைக்க வேண்டிய கேள்விகள் சில: அவன் சாப்பிடுவானா, தூங்குவானா, ரத்தம் வருமா, உடம்பில் சூடு உண்டா, இதயம் துடிக்குமா, மற்றவர் கண்ணுக்குத் தெரிவானா, புகைப்படத்தில் விழுவானா. சில்லறைக் கேள்விகள் போலத் தோன்றும், ஆனால் காதல் காட்சிகள் எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து நூலில் இரபேல் தன்னை வெளிப்படுத்தும்போது, நான் உண்டதாக நீங்கள் கண்டது வெறும் தோற்றம் என்கிறார். ஆங்கிலக் கவி மில்டன் 1667-ல் வெளியிட்ட காவியத்தில் அதே இரபேல் ஆதாமோடு உட்கார்ந்து உண்மையான பசியோடு சாப்பிடுகிறார். பிறகு, தூதர்கள் எப்படிக் காதலிப்பார்கள் என்று ஆதாம் கேட்கும்போது, முகம் ரோஜாவாய்ச் சிவக்க, எங்களுக்குத் தோலும் மூட்டும் தடையில்லை, காற்றோடு காற்று கலப்பதைவிட எளிதாக முழுவதும் கலந்துவிடுவோம் என்று பதில் சொல்கிறார். இரண்டில் எதுவும் சரி. நாயகி வைத்த மீன்குழம்பை ஆறாம் அத்தியாயத்தில் ருசித்தவன், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எனக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்வதுதான் தவறு. இந்தப் பிழை சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது.

சிறகைப் பற்றியும் ஒரு சொல். வேதநூலில் வரும் தூதர்கள் பெரும்பாலும் சிறகில்லாமல் மனிதராகவே வருகிறார்கள். ஆபிரகாம் அவர்களை வழிப்போக்கர் என்று நினைத்துத்தான் விருந்து வைத்தார். கிறிஸ்தவக் கலையில் தூதருக்குச் சிறகு முளைத்தது 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில். இறைவாக்கினர் எசாயா கண்ட சேராபீன்கள் என்ற தூதர்களுக்கு ஆறு சிறகு, எசேக்கியேல் கண்ட உருவங்களுக்கு நான்கு முகமும் நான்கு சிறகும். நாயகனுக்குச் சிறகு வைப்பதென்றால் அது கதையில் வேலை செய்ய வேண்டும்: எப்போது மறையும், அடிபட்டால் ஆற எவ்வளவு நாள், அதை வெட்டினால் எது போகும். வேலை இல்லாத சிறகு கட்டிலிலும் கதவிலும் இடிக்கும், அவ்வளவே.

படிநிலையிலும் ஒரு பிழை பரவலாக இருக்கிறது. தியோனீசியு என்ற பெயரில் கி.பி. 500-ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல் தூதர்களை ஒன்பது அணிகளாகப் பிரிக்கிறது. உச்சியில் சேராபீன்கள், அடுத்து கெருபீன்கள். அதிதூதர்கள் கீழிருந்து இரண்டாவது! மனிதரோடு நேரடியாகத் தொடர்புள்ளவை கீழ் அணிகளே. நாவல்களில் அதிதூதனை அரசனாக்கி, சேராபீனை அவனுக்கு ஏவலாளாக வைத்துவிடுகிறார்கள். காதலுக்கு வசதி கடைசி அணிதான். தெருவில் நடப்பவன், கட்டளைக்குக் காத்திருப்பவன், மேலே எட்டு அணிகளுக்குப் பயப்படுபவன்.

எல்லாம் அறிந்த தூதனை வைத்துக் காதல் எழுத முடியாது என்று சிலர் தயங்குகிறார்கள். அவள் மனதில் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டால் கதை ஏது? இதற்கு அக்குவினாவே அருமையான பதில் தந்திருக்கிறார். தூதர்களுக்கு வருங்காலம் உறுதியாகத் தெரியாது. மனித இதயத்தின் இரகசியமும் தெரியாது, அது கடவுளுக்கு மட்டுமே தெரியும். முகத்தின் நிறத்தையும் நாடியையும் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆயிரமாயிரம் ஆண்டாக மனிதரைப் பார்த்தவனுக்கு இந்த ஒருத்தியின் மௌனம் புரியவில்லை என்பதைவிடக் காதல் நாவலுக்கு வேறென்ன வேண்டும்! தானியேல் நூலின் பத்தாம் அதிகாரத்தையும் படிக்கச் சொல்வேன். வேண்டுதலுக்கு மறுமொழி கொண்டுவரும் தூதனைப் பாரசீகத்தின் காவல்தலைவன் இருபத்தொரு நாள் வழிமறிக்கிறான், மிக்கேல் வந்துதான் விடுவிக்கிறார். தூதனுக்கும் எல்லை உண்டு, தாமதம் உண்டு, துணை தேவை. வருவேன் என்றவன் மூன்று வாரம் வராததற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பேய் நாயகனைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். தோபித்து நூலில் சாராவின் ஏழு கணவர்களையும் முதலிரவில் கொன்றது அசுமதேயு என்ற பேய். அது அவளை நேசிக்கிறது, அவளை நெருங்குகிறவரைத் தவிர வேறு யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்று ஒரு கிரேக்கப் பிரதியில் தோபியா சொல்கிறான். இன்று வெற்றிபெறும் பல நாவல்களின் நாயகன் இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடுவான். ஆனால் அந்த நூல் அதோடு விடவில்லை. சாராவின் பக்கம் போய்ப் பார்க்கிறது. வேலைக்காரி ஏச, அவள் மாடிக்குப் போய்த் தூக்கிட்டுக்கொள்ள நினைக்கிறாள். தந்தையின் துயரத்தை எண்ணி நிறுத்திக்கொண்டு, என்னை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டுகிறாள். பேயின் அந்த அன்பு அவளுக்குக் கொடுத்தது அதைத்தான். பிறகு தோபியா மீனின் இதயத்தையும் ஈரலையும் தூபத் தணலில் இட, புகையில் பேய் எகிப்துக்கு ஓடுகிறது, இரபேல் அங்கே போய்க் கட்டுகிறார். புதுமணத் தம்பதி அன்றிரவு முதலில் எழுந்து நின்று ஒன்றாக வேண்டுகிறார்கள்.

பொறாமையைக் காதலாகவும் கடத்தலைக் கவர்ச்சியாகவும் எழுதும்போது, பேய்தானே, அப்படித்தான் இருப்பான் என்று எழுதுகிறவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அவன் பேயாக இருக்கட்டும். அவள் மனுஷி, அவளுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய் இருக்க வேண்டும். ஏனோக்கு நூலின் பெண்களுக்கு அந்த வாய் இல்லை. விரும்பியவர்களை எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டுமே இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கும் இடம் இன்றைய நாவல். நடைமுறையில் நான் கேட்பது இது: முதல் முத்தத்துக்கு முன் அவன் யார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், விலகிப் போகும் வழி அவளுக்கு உண்மையாகவே திறந்திருக்க வேண்டும், ஒருமுறையாவது அவள் விலகிப் போக, அவன் தொடராமல் நிற்க வேண்டும். காவல் தூதன் தான் காத்த குழந்தையே வளர்ந்ததும் காதலிப்பதாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். தொட்டிலில் பார்த்தவளைக் கட்டிலில் பார்ப்பது எந்தச் சட்டத்தின் கீழும் அருவருப்புத்தான். அவள் வளர்ந்த பிறகு வேறு பணிக்காக வந்தவனாக அவனை மாற்றினால் கதையில் எதுவும் குறையாது.

அளவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காக: ஆங்கிலத்தில் இவ்வகை நாவல் 80,000 முதல் 1,00,000 சொல் வரை போகும். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் 60,000 – 70,000 சொல்லில் அதே கதை நிறைந்துவிடும். தொடராக எழுதினால் ஓர் எபிக்கு, அதாவது ஒரு தவணைக்கு, 1,500 சொல் என்று வைத்து 43 எபி அளவில் திட்டமிடலாம். இருவரும் சந்திப்பது நாலாவது எபிக்குள் நடக்கட்டும். தடைச் சட்டம் ஆறாவதுக்குள் வாசகருக்குத் தெரிய வேண்டும், முதல் தொடுகை அதற்குப் பிறகுதான். தொடுகை முதலிலும் சட்டம் பிறகும் வந்தால், எழுத்தாளர் கதையை நீட்டப் புதுத்தடை போட்டார் என்றே வாசகர் நினைப்பார். பெரிய பிரிவு 32-34-இல் வரட்டும். கடைசி நான்கு எபி முடிவுக்கு. இந்த இடைவெளியில் அவன் தன் ஆற்றலை மூன்று நான்கு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் விலை கூட வேண்டும். ஒரு நோட்டில் எந்த எபி, என்ன மீறல், விலை கொடுத்தது யார், இன்னும் கையில் மிச்சம் என்ன என்று நான்கு கட்டமாகப் பிரித்து எழுதி வைத்துக்கொண்டால், இறந்தவளை ஒரு சொல்லால் எழுப்பும் கடைசி நேர அற்புதம் நுழையவே நுழையாது. அந்த அற்புதம் அதுவரை வந்த கண்ணீரையெல்லாம் வீணாக்கிவிடும்.

நடுப்பகுதியில் வானகப் போர் கதையை விழுங்குவது இன்னொரு பெரிய சேதம். மூன்று படைகள், ஏழு முத்திரைகள், தொலைந்த வாள் எல்லாம் வரும், காதலர்கள் பத்து எபி பேசிக்கொள்ளவே மாட்டார்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் காதல் நாவலுக்கு வைத்த இலக்கணம் இரண்டே: காதல் கதை நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எழுதிய காட்சிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, இருவரின் உறவு மாறும் காட்சிகளுக்கு அடிக்கோடு போடுங்கள். பாதிக்கு மேல் அடிக்கோடு விழவில்லையென்றால் அது போர்க்கதை. போர்க்கதை எழுதுவதில் தவறில்லை, அட்டையில் காதல் நாவல் என்று போடாமலிருந்தால் போதும்.

முடிவைப் பற்றிய இரண்டாவது இலக்கணம் பழைய கவிகளுக்கு இல்லை. ரஷ்யக் கவி லெர்மன்தோவ் 1829 முதல் பத்தாண்டு திருத்தித் திருத்தி எழுதிய நெடுங்கவிதையில், பேய் ஜார்ஜியப் பெண் தமாராவிடம் உண்மையாகவே சபதம் செய்கிறது. அதன் முத்தமே அவளைக் கொல்கிறது. அவள் உயிரைத் தூதன் ஏந்திப் போக, பேய் மீண்டும் தனிமையில் நிற்கிறது. 1824-ல் ஆல்பிரெட் தெ வின்யி எழுதிய பிரெஞ்சுக் கவிதையில், கிறிஸ்துவின் கண்ணீர்த்துளியிலிருந்து பிறந்த எலோவா என்ற பெண் தூதர் இரக்கத்தால் ஓர் அழகனிடம் இறங்குகிறாள். சேர்ந்து கீழே விழும்போதுதான் அவன் பெயரைக் கேட்கிறாள், அவன் சாத்தான் என்கிறான். நம்பிக்கை தரும் முடிவுக்கு நாவலில் மூன்று வழிகள் உண்டு. தூதன் சாவை ஏற்று மனிதனாவது முதல் வழி. இதில் பலர் மனிதனான கணமே கதையை முடித்துவிடுகிறார்கள். அவனுக்கு முதல் காய்ச்சல் வரும் இரவையும், பிழைப்புக்கு அவன் செய்யும் வேலையையும் எழுதினால்தான் விலையின் அளவு தெரியும். அவள் சாவில்லாதவள் ஆவது இரண்டாவது. அதில் அவள் அம்மா, தங்கை, தோழியர் ஒவ்வொருவராய் வயதாகிப் போவதை அவள் முன்பே அறிந்து தேர்ந்திருக்க வேண்டும். எல்லையோடு சேர்ந்திருப்பது மூன்றாவது, ஆண்டில் சில நாள், ஒரு குறிப்பிட்ட ஊர் என்பதுபோல. எழுதக் கடினம், ஆனால் நன்றாக வந்தால் மறக்க முடியாது. மூன்றில் எது வருமென்பதை முதல் எபி எழுதும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பெயர்கள். மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோர் வழிபாட்டில் இருப்பவர்கள்; கபிரியேலே இஸ்லாத்தில் ஜிப்ரீல். நம் அண்டைவீட்டார் மதிக்கும் பெயரைப் படுக்கையறைக் காட்சியில் வைக்காதீர்கள். 745-ல் ரோமாபுரியில் கூடிய சங்கம் இந்த மூவரைத் தவிர வேறு தூதர் பெயர்களை வேண்டுதலில் பயன்படுத்துவதைக் கண்டித்தது. நாவலாசிரியருக்கு இது வசதி. ஏனோக்கு நூலின் தலைவர் பட்டியலில் கோகபியேல், தமியேல் போன்ற பெயர்கள் யாரும் வணங்காமல் கிடக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. உங்கள் இணைப்பில் அடுத்த முறை இவ்வகை நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர், அது எந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டது, கடைசிவரை அதைக் காத்ததா, எந்த வயதினர் படிக்கலாம் என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால் பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் பெற்றோருக்கும் உதவும்.

இப்படிக்கு,
நாவல் திருத்துநர் ஒருவர்,
பாளையங்கோட்டை